பதுங்கிச் சுடுவோர் கட்டிய கடிகாரம்

தபால்தலை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர் என்று நாம் நெடுநாளாக அறிந்த கூட்டத்தாரோடு பட்டாளத்துக் கைக்கடிகாரம் சேர்ப்போரும் இப்போது ஒரு தனிக் கூட்டமாகவே வளர்ந்துவிட்டனர். போர்க்காலத்தில் அரசாங்கம் தன் செலவில் வாங்கி வீரர்களுக்கு வழங்கிய கடிகாரங்களை இவர்கள் தேடித் தேடி வாங்குகின்றனர். அவற்றுள்ளும், 'இது ஸ்னைப்பர் ஒருவர் கட்டியிருந்தது' என்று விற்பவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், அப்பொருளுக்குத் தனி மவுசு ஏற்பட்டு விலையும் ஏறிவிடுகிறது. அச்சொல் உண்மைதானா என்று கேட்பவர் சிலரே. உண்மையை ஆராய்ந்து காண வழி உண்டு. அது வரலாற்றாசிரியர் கல்வெட்டைப் படிக்கும் வழியை ஒத்தது. ஆகவேதான் ஆசிரிய நண்பர்கள் மிகுதியாகப் படிக்கும் இப்பகுதியில் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஸ்னைப்' என்பது ஒரு பறவையின் பெயர். தமிழில் அதனை உள்ளான் என்கிறோம். சேற்று நிலத்தில் நிலத்தின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக் கிடக்கும். காலடி அருகே வரும்வரை அசையாது. எழுந்தால் வளைந்து வளைந்து பறக்கும். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் பட்டாளத்து அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் உள்ளான் வேட்டைக்குப் போவதை 'ஸ்னைப்பிங்' என்று கடிதங்களில் எழுதினர். அந்த வேட்டையிற் கைதேர்ந்தவர் ஸ்னைப்பர். பின்னர் இச்சொல் மறைந்திருந்து மனிதனைச் சுடும் வீரனுக்கு ஆகிவந்தது. 1914ஆம் ஆண்டுப் போர் தொடங்கியபின் செய்தித்தாள்கள் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. ஆக, இந்திய வயல்வெளியிற் பிறந்த சொல் இது. 'பதுங்கிச் சுடுவோர்' என்று நான் எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாம். 'குறிபார்த்துச் சுடுவோர்' என்றால் போதாது, எல்லா வீரரும் குறிபார்த்துத்தான் சுடுகின்றனர்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். கைக்கடிகாரம் ஆடவர்க்குரியதாக ஆனதே போரினால்தான். அதற்குமுன் ஆடவர் சட்டைப் பையில் சங்கிலியோடு வைத்துக்கொள்வர். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் அணியெனக் கருதப்பட்டது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரிலேயே சில வீரர்கள் பைக்கடிகாரத்தைத் தோல் உறையில் இட்டுக் கையில் கட்டிக்கொண்டனர். முதல் உலகப் போரில் அது தேவையாகவே ஆயிற்று. பீரங்கிக் குண்டு விழும் எல்லை இத்தனை நிமிடத்துக்கு இத்தனை கெஜம் என்று முன்னேற, அதன் பின்னே காலாட்படை நடக்கவேண்டும். முன்னே பின்னே போனால் தம்மவர் குண்டுக்கே இரையாக நேரிடும். 1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் காலை 7.30 மணிக்குச் சோம் ஆற்றுப் பகுதியில் ஆங்கிலேயர் அகழியினின்று எழுந்து தாக்கியபோது அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தே ஊதல் ஊதினர். ஒரு கையில் துப்பாக்கியோ ஊதலோ இருக்கும்போது மறு கையைப் பைக்குள் விட்டுத் துழாவ முடியுமா?

பதுங்கிச் சுடுவோனுக்குக் கடிகாரம் எதற்கு என்ற கேள்வி இங்கே எழும். தோட்டாவைச் செலுத்துவதற்கு மணி பார்க்க வேண்டியதில்லையே! உண்மை யாதெனில், அவன் தொழிலிற் சுடுவது சிறு பகுதி; பார்ப்பதே பெரும் பகுதி. மேஜர் ஹெஸ்கெத் பிரிச்சர்டு என்பார், எழுத்தாளரும் வேட்டைக்காரருமாக இருந்தவர், 1916இல் பிரான்சில் லிங்கெம் என்னும் ஊரில் ஆங்கிலேய முதற்படைக்காக ஒரு பள்ளியை நிறுவினார். பதுங்கிச் சுடுதலோடு நோட்டம் பார்த்தலும் வேவும் அப்பள்ளியின் பெயரிலேயே சேர்ந்திருந்தன. இருவர் இணையாகச் செல்வர். ஒருவர் தொலைநோக்கியிற் கண்வைத்திருக்க, மற்றவர் துப்பாக்கியோடு காத்திருப்பார். நெடுநேரம் தொலைநோக்கியிற் பார்த்தால் கண் சோர்ந்து காணாததைக் காணும். ஆதலின் குறித்த நேரத்துக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்ள வேண்டும். கண்டதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதவேண்டும். எதிரியின் அகழியில் எந்த மணிக்குப் புகை எழுகிறது, எந்த மணிக்குக் காவல் மாறுகிறது, உணவு எப்போது வருகிறது என்னும் இவை நாட்கணக்கிற் சேர்ந்தால் அதுவே பெரிய உளவுச் செய்தியாகிவிடும். நேரம் எழுதப்படாத குறிப்பு பயனற்றது. விடியுமுன் மறைவிடம் சேரவும், இருட்டியபின் திரும்பவும், திரும்பும் நேரத்தில் தம்மவர் காவலாளியே சுட்டுவிடாமல் இருக்கவும் அவனுக்கு மணி தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அதே கடிகாரம் அவனைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். பளபளக்கும் உலோகத்தில் வெயில் பட்டால் அரை மைல் தூரத்துக்குத் தெரியும். இரவில் ஒளிரும் முள்ளோ இருட்டில் மின்மினிபோல் தோன்றும். எனவே முகப்பை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டுவதும், சட்டைக் கையால் மூடுவதும் வீரர் வழக்கம். பட்டாளத்துக் கடிகாரங்களின் கூடு மெருகிடாமல் மங்கலாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று.

கடிகாரத்தை வைத்துத் திசை காணும் முறையும் பட்டாளத்துப் பாடங்களில் உண்டு. மணிமுள்ளைச் சூரியனை நோக்கிப் பிடித்து, அதற்கும் 12க்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கினால் அக்கோடு தெற்கைக் காட்டும் என்பர். ஐரோப்பாவில் இது ஓரளவு சரிவரும். நம் பிள்ளைகளைத் திடலில் நிறுத்தி இதைச் செய்து காட்ட முயலவேண்டாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே உள்ளது. இங்கே நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்கும். ஏறத்தாழ மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் நடு வரை உச்சிக்கு வடபுறமாகவே செல்லும். புத்தகத்தில் உள்ள விதி எந்நாட்டுக்கு எழுதப்பட்டது என்று கேட்கப் பழக்குவதற்கு வேண்டுமானால் இது நல்ல எடுத்துக்காட்டு.

சேர்ப்போர் பெரிதும் விரும்புவது இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஆங்கிலேய அரசு வரவழைத்த ஒரு வகை. அதன் பின்மூடியில் 'டபிள்யூ' என்னும் எழுத்து மும்முறை பொறிக்கப்பட்டிருக்கும். 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்புரூஃப்' என்பதன் சுருக்கம் அது. தமிழில் எழுதினால் 'கடிகாரம், மணிக்கட்டு, நீர்புகாதது' என்றாகும். பெயரை முன்னும் அடைமொழியைப் பின்னுமாக வைத்த இந்த முறை கிடங்குக் கணக்கருக்காக ஏற்பட்டது. ஏட்டில் கடிகாரங்கள் எல்லாம் ஓரிடத்தில் வரவேண்டும் அல்லவா? இலக்கண ஆசிரியர்க்குச் சற்று நெருடலாக இருப்பினும் கிடங்கு மேற்பார்வையாளர்க்கு இதுவே எளிது.

கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், ஒளிரும் முள்கள், 6 மணி இடத்தில் தனியே சிறு நொடிமுள், உடைந்தால் சிதறாத கண்ணாடி, 15 கல் வைத்த இயந்திரம் என்று அரசு வரையறுத்துக் கொடுத்தது. வாரைக் கோக்கும் கம்பி கூட்டோடு பற்றவைக்கப்பட்டது. நம் கடிகாரங்களில் உள்ள வில்லூசி தெறித்துவிழுவதுபோல் அது விழாது. 12 சுவிஸ் நிறுவனங்கள் அவற்றைச் செய்தளித்தன: பியூரன், சைமா, எட்டர்னா, கிரானா, ஐ. டபிள்யூ. சி., ஜேகர் லெகுல்ட்ர், லெமானியா, லாஞ்ஜீன், ஒமேகா, ரெக்கார்டு, டைமோர், வெர்டெக்ஸ் என்பன. மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். இவற்றுள் கிரானா மிக அருமை. பன்னிரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர் அக்கூட்டத்தில் சக்கரவர்த்தி போன்றவர். 1967இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைக் கொண்டு 'டர்ட்டி டஸன்' என்று இத்தொகுதிக்குப் பெயரிட்டு வழங்குவது சேர்ப்போர் செய்த வேடிக்கை. போரிட்டவர் எவரும் அப்பெயரை அறியார்.

இவ்விடத்திற்றான் ஆராய்ச்சிக்கு வேலை வருகிறது. இக்கடிகாரங்கள் 1945ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவை. நார்மண்டிக் கடற்கரையில் நேசப்படைகள் இறங்கியது 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். 'நார்மண்டியில் இறங்கிய ஸ்னைப்பர் கட்டியிருந்தது' என்று சொல்லி மூன்று எழுத்துக் கடிகாரம் ஒன்றை ஒருவர் நீட்டினால், அவர் கதையை நாட்காட்டியே மறுத்துவிடுகிறது. போர் நடந்த ஆண்டுகளில் அவ்வீரர் கையில் இருந்திருக்கக் கூடியது 'ஏ. டி. பி.' என்று பொறிக்கப்பட்ட முந்தைய வகை, சற்றுச் சிறியது, பெரும்பாலும் வெளிர்நிற முகப்புடையது. பார்ப்பதற்கு வீட்டுக் கடிகாரம் போன்றது. ஆதலால் அதற்குக் கவர்ச்சி குறைவு, விலையும் குறைவு. உண்மையான போர்க்களத்துப் பொருள் மலிவாகக் கிடக்க, களம் காணாதது உயர்ந்த விலைக்குப் போவது இவ்வணிகத்தின் விந்தைகளுள் ஒன்று.

அடுத்த உண்மை இதனினும் கசப்பானது. பதுங்கிச் சுடுவோருக்கென்றே தனியாக ஒரு கடிகாரம் அந்நாளைய ஆங்கிலப் பட்டாளத்தில் செய்யப்படவில்லை. துப்பாக்கி தனி வகைதான்: 4ஆம் எண் துப்பாக்கிகளில் நன்கு சுடுவனவற்றைப் பொறுக்கி, ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தார் தொலைநோக்கி பொருத்தித் தந்தனர். பெட்டியும் தனி, தொலைநோக்கிக்குத் தகரக் குப்பியும் தனி. கடிகாரமோ கிடங்கிலிருந்து கிடைத்த பொதுவகைதான். சமிக்ஞைப் பிரிவினனுக்கும் பீரங்கிக்காரனுக்கும் கொடுத்த அதே கடிகாரம் இவனுக்கும் கிடைத்தது. பணி முடிந்ததும் கணக்கிற் குறித்துத் திருப்பித் தரவேண்டும். அடுத்த ஆண்டு அது வேறொருவன் கைக்குப் போகும். பின்மூடியில் உள்ள எண் கிடங்கின் எண்ணேயன்றி ஆளின் எண் அன்று. ஆகவே மூடியை மட்டும் வைத்து 'இன்னான் கட்டினான்' என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

பின் எதைக்கொண்டு நம்புவது? காகிதத்தைக் கொண்டுதான். வீரரின் பணிப் புத்தகம், அவர் குடும்பத்தில் இருந்த நிழற்படம், அக்கடிகாரத்தின் எண்ணைக் குறிக்கும் கடிதம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். லாஞ்ஜீன் போன்ற பழைய நிறுவனங்கள் தம் பேரேட்டைப் பார்த்து, இன்ன எண்ணுள்ள கடிகாரம் இன்ன நாளில் இன்ன நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவதுண்டு. அது நல்ல சான்றுதான். ஆனால் பேரேடு கிடங்கு வாசலோடு நின்றுவிடும். கட்டியவர் பெயரைச் சொல்லாது.

முத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். மேல்நோக்கிய அகன்ற அம்பு ஒன்று முகப்பிலும் பின்மூடியிலும் இருக்கும். இது ஆங்கிலேய அரசாங்கச் சொத்தின் அடையாளம். பல நூற்றாண்டுப் பழமையுடையது. நம் பள்ளிப் பாடநூல்களின் முதற்பக்கத்தில் குத்தும் இரவல் முத்திரைக்கு இதனைப் பாட்டனார் என்று சொல்லலாம். 1875ஆம் ஆண்டின் அரசுப் பண்டகச் சட்டம், இவ்வடையாளத்தை உரிமையின்றி இடுவதையும் அழிப்பதையும் குற்றமாக்கிற்று. பட்டாளம் ஒரு பொருளை முறைப்படி விற்றுவிட்டால், இரண்டு அம்புகளின் முனை ஒன்றையொன்று தொடுமாறு குறிப்பர். அத்தகைய இரட்டை அம்பைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம். அது நேர்மையாக வெளியே வந்த பொருள்.

நம் பக்கத்து நாட்டோடு இக்கடிகாரங்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. போருக்குப் பின் அவற்றுள் ஒரு பகுதி டச்சுக்காரரின் கிழக்கிந்தியப் படைக்குச் சென்றது. 'கே. என். ஐ. எல்.' என்னும் நான்கு எழுத்துகள் அவற்றில் பொறிக்கப்பட்டன. அப்படை 1950இல் கலைக்கப்பட்டது. பின்னர் இந்தோனேசியக் குடியரசின் தரைப்படை எழுத்துகளும் சிலவற்றில் ஏறின. ஒரே மூடியில் ஆங்கிலேய அம்பும், டச்சு எழுத்தும், இந்தோனேசிய எழுத்தும் நிற்கும்போது, ஓர் ஆட்சி போய் மற்றோர் ஆட்சி வந்த வரலாறு அரை அங்குல இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஸ்னைப்பர் கதை ஒட்டிய கடிகாரத்தைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பிற நாட்டவற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மானியத் தரைப்படைக் கடிகாரங்களின் மூடியில் 'டி', 'எச்' என்னும் இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்துகளின் விரிவு பற்றிச் சேர்ப்போரிடையே இன்றும் வழக்கு உண்டு. அமெரிக்கர் 'ஏ 11' என்னும் வகையில், திருகைப் பிடித்திழுத்தால் நொடிமுள் நின்றுவிடும் ஏற்பாட்டைச் செய்தனர். பலர் கூடி ஒரே நொடிக்குத் தம் கடிகாரங்களைச் சரிசெய்ய இது உதவிற்று. எல்ஜின், வால்தம், புலோவா என்பார் அதனைச் செய்தனர். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கர் எண்ணம் மாறிற்று. 1964இல் ஏற்பட்ட புதிய வரையறையின்படி பழுதுபார்க்காமல் எறிந்துவிடத்தக்க மலிவான கடிகாரங்கள் வழங்கப்பட்டன. எறியவேண்டிய அப்பொருளையே இன்று பட்டுத்துணியில் வைத்துக் காக்கின்றனர்!

சோவியத்து நாட்டின் கதை வேறு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நொடித்துப்போன டியூபர் ஹாம்ப்டன் தொழிற்சாலையின் இயந்திரங்களை விலைக்கு வாங்கிச் சென்று, 1930இல் மாஸ்கோவில் முதற் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கினர். போர்க்காலச் செம்படையினர் கட்டிய கடிகாரங்களுட் பல அங்கே பிறந்தவை. 309 பேரை வீழ்த்தியதாகக் கணக்கிடப்பட்ட லுத்மிலா பாவ்லிச்சென்கோ முதலிய பெண்களும் அப்படையின் பதுங்கிச் சுடுவோரில் இருந்தனர். ஆனால், டாங்கியும் செந்நட்சத்திரமும் வண்ணத்தில் வரைந்த முகப்புடைய 'கமாண்டிர்ஸ்கி' கடிகாரத்தைக் காட்டி 'ஸ்டாலின்கிராடு காலத்தது' என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அவ்வகை தொடங்கியதே 1965இல்.

இனி உடல்நலம் பற்றிய ஒரு செய்தி. விலை கொடுத்து ஏமாறுவதைவிட இது முக்கியம். அக்காலத்து ஒளிரும் பூச்சு, துத்தநாகச் சேர்மத்தோடு ரேடியம் கலந்து செய்தது. ரேடியத்தின் வலிமை பாதியாகக் குறைய ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். துத்தநாகச் சேர்மமோ சில பத்தாண்டுகளிலேயே நைந்து ஒளி மங்கிவிடும். ஆதலால் முள் ஒளிரவில்லை, எனவே தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. விளக்குத்தான் அணைந்தது, நெருப்பு அணையவில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1917 முதல் இப்பூச்சைத் தீட்டிய இளம் பெண்கள், தூரிகை முனையை உதட்டால் கூராக்கும்படி பழக்கப்பட்டனர். பலருக்குத் தாடை எலும்பு அழுகிற்று, பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. கண்ணாடி மூடிய கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் பெருங்கேடு இல்லை. திறந்து சுரண்டுவதும், உதிர்ந்த தூளை ஊதுவதுமே ஆபத்து. பல கடிகாரங்களைக் காற்றுப் புகாத பேழையிலோ படுக்கையறையிலோ குவித்து வைப்பதும் கூடாது. ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. பள்ளிக் கண்காட்சியில் வைப்பதானால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பிள்ளைகள் கை படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயப் பாதுகாப்பு அமைச்சு இவ்வாபத்தை உணர்ந்து பின்னாளில் பல கடிகாரங்களின் பழைய முகப்பைக் கழற்றி, டிரிட்டியம் பூசிய புதிய முகப்பை வைத்தது. அதில் ஒரு வட்டத்துக்குள் 'டி' என்னும் எழுத்து இருக்கும். நிறுவனத்தின் பெயரும் சிலவற்றில் இராது. இதைக் கண்டு 'போலி' என்று ஒதுக்குவோர் பலர். அது போலியன்று, பட்டாளமே செய்த மராமத்து. டிரிட்டியத்தின் வலிமை ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 24 ஆண்டில் கால். 36 ஆண்டில் அரைக்கால். மேல்வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு ஏற்ற பொருள்.

உண்மைப் போலிகள் வேறு இடத்தில் பிறக்கின்றன. தேய்ந்த பழைய கடிகாரத்துக்குப் புது முகப்பு எழுதி, அம்பையும் பட்டாளப் பெயரையும் அச்சிட்டு விற்பது இந்தியாவிலிருந்து வரும் சரக்கில் மிகுதி. பம்பாய்ச் சரக்கு என்றே சேர்ப்போர் இதனைக் கேலியாகக் குறிப்பர். எச். எம். டி. நிறுவனம் இந்தியப் படைக்கென்று செய்த 'ஜவான்' கடிகாரத்துக்கும் இக்கதி நேர்ந்துள்ளது. பெங்களூரில் 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய தொழிற்சாலையின் நல்ல உழைப்பு அது. எச். எம். டி. 2016இல் கடிகாரத் தொழிலை மூடியபின் அதன் பழைய கடிகாரங்களுக்குத் தேவை கூடியது. போலியும் கூடவே பெருகிற்று. முகப்பு மட்டும் புத்தம்புதிதாய் மின்ன, கூடு தேய்ந்து கிடந்தால் ஐயுற வேண்டும்.

1967 முதல் 1970 வரை ஆங்கிலேயப் பட்டாளம் செல்ட்டன்ஹாமில் ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த கடிகாரத்தை வழங்கிற்று. அதன்பின் ஹாமில்ட்டன், பின்னர் 1972இல் தோன்றிய சி. டபிள்யூ. சி. என்பாருடையவை வந்தன; 1980இல் மின்கலத்தால் ஓடுவது வந்துவிட்டது. இவற்றின் மூடியில் வழங்கிய ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குவோர்க்கு இவையே ஏற்றவை. காலம் பற்றிய பொய்க்கு இடம் குறைவு, ரேடியமும் இல்லை. விலை குறைவாக இருந்த காலம்தான் போய்விட்டது.

வாங்கிய பின் செய்யக்கூடாத ஒன்று உண்டு. மூடியையும் கூட்டையும் புதிதுபோல் மெருகேற்றித் தரும்படி கடைக்காரரிடம் கொடுப்பது. அவர் நல்லெண்ணத்தோடு சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்; கடிகாரம் கண்ணாடிபோல் மின்னும்; அம்பும் எண்ணும் போய்விடும். வாங்கிய அன்றே மூடியில் உள்ள எழுத்துகளை ஒரு குறிப்பேட்டிற் பார்த்தெழுதி, யாரிடம் எந்த நாளில் என்ன விலைக்கு வாங்கியது, அவர் சொன்ன கதை யாது, அதற்கு அவர் காட்டிய காகிதம் யாது என்பவற்றைத் தனித்தனியே குறித்து வைக்கவேண்டும். கதைக்கு ஒரு பக்கம், காகிதத்துக்கு ஒரு பக்கம். காகிதப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதை அப்படியே விட்டுவைக்கலாம்.